மூணு ராத்திரி, கரண்ட் இல்ல, ஃபிரிட்ஜுக்குள்ள அப்பாவோட இன்சுலின்

ஈஸ்டர் லீவுக்கு அப்பாவ கூட்டிட்டு தெற்கு ஆஸ்திரேலியால இருக்கற ஃபிளிண்டர்ஸ் ரேஞ்சஸ் மலைப்பக்கம் போயிட்டு வந்தோம். அடிலெய்ட்ல இருந்து வில்பீனா 430 கிலோமீட்டர், கரண்ட் கனெக்ஷன் இல்லாத சைட்ல மூணு ராத்திரி டென்ட். வழக்கமா எஸ்கில (ஐஸ் பொட்டி) ஐஸ் கொட்டிட்டு கிளம்பிருவோம், ரெண்டாம் நாள் ஐஸ் உருகி மாவு டப்பா மிதக்கும், மூடி வழியா தண்ணி இறங்கிரும், சரி பிரெட் வச்சு ஓட்டிக்கலாம்னு விட்ருவோம். ஆனா இன்சுலின அப்படி விட முடியாது, பிரிக்காத இன்சுலின் பென் எல்லாம் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும்.

அதனால பேட்டரில ஓடற கேம்பிங் ஃபிரிட்ஜ் தேட ஆரம்பிச்சேன். மொதல்ல விலை கம்மியா இருக்கேன்னு ஒரு தெர்மோஎலக்ட்ரிக் பொட்டி வாங்கினேன். கம்ப்ரஸர் கிடையாது, வெளிய இருக்கற சூட்டுல இருந்து ஒரு 20 டிகிரி இறக்கும், அவ்ளோதான். 36 டிகிரி அடிச்ச ஒரு நாள் கராஜ்ல ஓட்டிப் பாத்தேன், உள்ள வச்ச தெர்மாமீட்டர் 17லயே நின்னுருச்சு. இதுல நிக்காம 4 ஆம்ப் வேற இழுக்குது, ஒரு நாளைக்கு கணக்கு போட்டா கிட்டத்தட்ட 100 ஆம்ப்-அவர் (ஆம்ப மணி நேரத்தால பெருக்கினா வர்றது, பேட்டரி சைஸையும் இதுலதான் சொல்வாங்க)! அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டேன். கேஸ்ல ஓடற ஃபிரிட்ஜும் இருக்கு, ஆனா சமதரையா இருந்தாதான் ஒழுங்கா கூலாகும், டென்ட்குள்ள கார்குள்ள வச்சு கேஸ்ல ஓட்டக் கூடாது, அதனால வேணாம்னுட்டேன்.

கடைசில எடுத்தது 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். கடைக்குப் போனா எல்லாரும் எத்தன லிட்டர்னுதான் கேக்கறாங்க, நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ கரண்ட் குடிக்கும்னு கேளுங்க. ஓடறப்ப 4 ஆம்ப் எடுக்கும், ஆனா கூலானதும் தானா நின்னுரும், சுமாரான வெயில்ல மூணுல ஒரு பங்கு நேரம்தான் ஓடும், அப்போ 24 மணி நேரத்துக்கு 30 ஆம்ப்-அவர் பக்கம். நல்ல வெயில்னா 50 கூட போகும். 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி இருந்தா ரெண்டு நாள் தாராளமா தாங்கும், அதே சைஸ் ஏஜிஎம் (லெட்-ஆசிட் வகை) பேட்டரின்னா பாதிக்கு மேல எடுத்தா பேட்டரி ஆயுசு போயிரும். 120 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாள்ல 35 ஆம்ப்-அவர் திருப்பிக் குடுக்கும், அது போதும். காரோட ஸ்டார்ட்டர் பேட்டரில மட்டும் ராத்திரி பூரா ஓட்டாதீங்க ப்ளீஸ், அந்த மாதிரி இடத்துல காலைல வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா என்ன பண்ணுவீங்க?

இன்னொன்னு, வயர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு வர்ற வயர் ரொம்ப மெல்லிசு, பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் வழியிலயே வோல்டேஜ் இறங்கிரும், ஃபிரிட்ஜ் பேட்டரி காலின்னு நெனச்சு ஆஃப் ஆயிரும். எனக்கு மொத நாள் டெஸ்ட்லயே இப்படி ஆச்சு, தடிமனான கேபிள் இழுத்து ஆண்டர்சன் பிளக் (அதிக கரண்ட் தாங்கற கனெக்டர்) போட்டதும் சரியாயிருச்சு.

கிளம்பறதுக்கு மொத நாள் ராத்திரியே வீட்டு கரண்ட்ல போட்டு கூல் பண்ணி, மாவு, தயிர், கறி எல்லாம் ஜில்லுன்னு ஆனப்பறம்தான் உள்ள அடுக்கினேன். இன்சுலின சுவர ஒட்டி வைக்கவே கூடாது, அந்தப் பக்கம்தான் கூலிங் பிளேட், உறைஞ்சா மருந்து வேஸ்ட். ஒரு துண்டுல சுத்தி சின்ன டப்பால போட்டு நடுவுல வச்சு, கூடவே தெர்மாமீட்டர்.

மூணாம் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், டென்ட் ஜிப் சத்தம் கேட்டு எந்திரிச்சா அப்பா டார்ச்ச எடுத்துட்டு ஃபிரிட்ஜ் கிட்ட நிக்கறாரு. "அஞ்சுலதான்டா இருக்கு, நீ தூங்கு"ன்னாரு.