சிகேஎஸ்: இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி, காரணம் ஒரு பேக்கப் கோப்பு

பல கணினிகளை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து நிரல்களை இயக்கும் குபெர்னெட்டஸின் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வுதான் சிகேஎஸ். நேற்றிரவு முடிவு வந்தது. நூற்றுக்கு 84. தேர்ச்சிக்கு 67 போதும்தான், ஆனால் போன தடவை 61-இல் நின்றுபோன எனக்கு அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றியது.

முதல் தடவை பாடம் தெரியாமல் தோற்கவில்லை. கேள்வியைச் சொல்லக்கூடாது, கிளஸ்டரின் நுழைவாயிலான ஏபிஐ சர்வரின் மேனிஃபெஸ்ட்டை, அதாவது அதன் அமைப்புக் கோப்பைத் திருத்தும் வகை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதைத் திருத்தினாலும் முதலில் நகல் எடுப்பது என் பழக்கம். எடுத்தேன். அதே மேனிஃபெஸ்ட் ஃபோல்டருக்குள், பெயருக்குப் பின்னால் 'பேக்' என்று ஒட்டி வைத்தேன். அங்கேதான் போயிற்று. புள்ளியில் தொடங்கும் கோப்புகளைத் தவிர அந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் கியூப்லெட் (ஒவ்வொரு நோடிலும், அதாவது கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியிலும் ஓடும் நிர்வாக நிரல்) படிக்கும். பெயர் எப்படி முடிகிறது என்று பார்க்காது. ஒரே பெயரில் இரண்டு ஸ்டேட்டிக் பாட் (பாட் என்பது கன்டெய்னர்களை இயக்கும் அலகு; ஸ்டேட்டிக் பாடைக் கியூப்லெட் கோப்பிலிருந்து நேரடியாக இயக்கும்). எத்தனை முறை திருத்தினாலும் பழைய அமைப்பே ஓடியது. மேனிஃபெஸ்ட் எழுதப்படும் யாமல் வடிவத்தில் இடைவெளி தப்பிவிட்டது என்று நினைத்து வரி வரியாகத் தேடினேன். 25 நிமிடம். கடைசி மூன்று கேள்விகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நகல் எடுங்கள், கட்டாயம் எடுங்கள். ஆனால் ரூட்டின் ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். இந்தப் பதிவில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

ஏபிஐ சர்வர் எழவில்லை என்றால் கிளஸ்டருக்குக் கட்டளையிடும் கருவியான கியூப்சிடிஎல் பதில் சொல்லாது. பதறாமல் கன்டெய்னர் ரன்டைமின் லாக்கையும் கியூப்லெட்டின் ஜர்னலையும் பாருங்கள். யார் என்ன செய்தார்கள் என்பதில் எதைப் பதிவு செய்வது என்று சொல்லும் ஆடிட் பாலிசியில் பெரும்பாலும் வால்யூம் மவுன்ட்தான் (கோப்பைப் பாடுக்குள் இணைப்பது) விட்டுப்போயிருக்கும்.

மற்றவை:

- சீக்ரெட் (கடவுச்சொல் போன்ற ரகசியங்கள்) என்கிரிப்ஷனில், எதையும் மறைக்காமல் அப்படியே எழுதும் ஐடென்டிட்டி முதலில் இருந்தால் எதுவும் என்கிரிப்ட் ஆகாது. வரிசையை மாற்றிய பிறகும் பழைய சீக்ரெட்டுகளை ஒருமுறை திரும்ப எழுத வேண்டும்.
- எக்ரெஸ், அதாவது பாடிலிருந்து வெளியே போகும் இணைப்பு முழுவதையும் மூடினால், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸும் போய்விடும். அதற்குப் போர்ட் 53-ஐத் திறந்து வையுங்கள், யூடிபி, டிசிபி இரண்டிலும்.
- ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் (நிரல் எதைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் விதிகள்), பாட் ஓடும் நோடில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும்.
- எந்த நோடில் நிற்கிறீர்கள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் பாருங்கள்.

என்கிரிப்ஷன் பகுதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். கிளஸ்டரின் தரவுத்தளமான எட்சிடியின் ஸ்னாப்ஷாட் (அந்நேர நகல்) பத்திரமாக இருந்தும் என்கிரிப்ஷன் சாவி தொலைந்துவிட்டால், மீட்டெடுத்த கிளஸ்டரில் சீக்ரெட்டுகளைப் படிக்கவே முடியாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தாலோ, ஸ்னாப்ஷாட் திருடு போகும்போது என்கிரிப்ட் செய்ததற்கே பலனில்லை. தனித்தனியாக வையுங்கள். பெர்சிஸ்டென்ட் வால்யூமில் (நிரல்களின் நிரந்தரச் சேமிப்பிடம்) இருக்கும் தரவு ஸ்னாப்ஷாட்டில் வராது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

வேகமாகச் செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டாம் முறை மேனிஃபெஸ்ட்டைச் சேமித்தபின் கையை எடுத்துவிட்டு, சர்வர் திரும்ப எழும்வரை காத்திருந்தேன். முன்பு அந்தப் பொறுமையின்மையில்தான் சரியாக இருந்ததையும் கலைத்தேன்.

தேர்வோடு தரப்படும் மாதிரித் தேர்வான சிமுலேட்டர், தொடங்கினால் 36 மணி நேரம்தான் திறந்திருக்கும், அதனால் கடைசி வாரம்வரை தொடாதீர்கள். தொடங்கியதும் முதல் வேலையாக ஏபிஐ சர்வரை நீங்களே கெடுத்து, நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். நான் அதை ஒன்பது முறை செய்தேன்.