திருவொற்றியூரில் திரை விலகியபோது

சென்னைக்கு வந்து ஒன்பது வருடமாகிறது, ஆனால் போன தை மாதம் வரை எனக்கு வட சென்னை என்பது பாரிமுனையோடு முடிந்த ஊர். சிற்பம் பார்க்கக் காஞ்சிபுரம் போவேன், தஞ்சாவூர் போவேன், லீவு கிடைத்தால் கும்பகோணத்துக்கே ஓடுவேன். ஆபீஸில் பக்கத்து சீட் தோழி திருவொற்றியூர்க்காரி. "எங்க கோயிலைப் பாக்காம எதுக்கு அவ்ளோ தூரம் ஓடுற?" என்று ஒருநாள் கோபமாகவே கேட்டுவிட்டாள். அவளுக்கு அன்று வேலை இருந்ததால் அவளுடைய அம்மா என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

காலை ஏழு மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும் என்றதால் முதல் மெட்ரோ பிடித்தேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ போன பிறகு இது எளிதான பயணமாகிவிட்டது. தண்டையார்பேட்டை தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்கு ஏறி வருகிறது. அப்புறம் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை இங்கே கவர்னராக இருந்த கொலெட்டின் பெயர் ஜனங்கள் வாயில் தேய்ந்து காலடியானது. அடுத்தது தேரடி. தேர் நிற்கும் இடத்தின் பெயரையே ஸ்டேஷனுக்கு வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா வாசலில் கையில் பூப்பையோடு நின்றிருந்தார். "செருப்ப இங்க வுடுமா, போனை சைலண்ட்ல போட்டுப் பைல வச்சிக்க" என்றார். நான் சாமி கும்பிடுவதில் அவ்வளவு பழக்கமில்லாதவள், பார்க்கத்தான் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "பாக்கத்தான் எல்லாரும் வராங்க. நல்லா நின்னு பாரு, குறுக்க மட்டும் போவாத." அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

கிழக்குக் கோபுரம் சுதைச் சிற்பங்களோடு வண்ணவண்ணமாக நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் வடிவுடையம்மன் சன்னதி, தெற்குப் பார்த்தது. பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பதை இந்தப் பக்கத்துப் பெண்கள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். விருப்பம், அறிவு, செயல் என்று பொருள்படும் இச்சை, ஞானம், கிரியை ஆகிய மூன்று சக்திகளாக இந்த மூவரையும் பார்க்கிறார்கள், அதில் வடிவுடையம்மன் ஞான சக்தி.

நாங்கள் போனபோது திரை போட்டிருந்தது, உள்ளே அலங்காரம் நடக்கிறது. ஒரு இருபது பேர் நின்றிருப்போம், ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண், கைலிக்கு மேல் துண்டு கட்டிய ஒரு மீனவர், இரண்டு மூன்று பாட்டிகள். யாரும் யாரையும் இடிக்கவில்லை, யாரும் மணி பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் பட்டு சரசரக்கும் சத்தம், கிண்ணத்தை வைக்கும் சத்தம், குருக்கள் உதவியாளரிடம் மெதுவாக ஏதோ கேட்பது. தண்ணீர், சந்தனம், மல்லிகை, எண்ணெய்த் திரி எல்லாம் கலந்த வாசனை. எனக்கு முன்னால் நின்ற பாட்டி, நான் உயரமாக இருக்கிறேன் என்று தானே நகர்ந்து, பிறகு என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். "இங்கேர்ந்து மூக்குத்தி தெரியும்."

மணி அடித்தது, திரை விலகியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, இருட்டுக்குள் ஒரு சிவப்பு மட்டும். தீபம் கீழேயிருந்து மேலே வர வரத்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, பாதத்தின் அருகே கொசுவம், இடுப்பில் ஒட்டியாணம், தோளிலிருந்து இறங்கும் கதம்ப மாலை, அரளியும் மரிக்கொழுந்துமாக இறுகக் கட்டியது. தீபம் முகத்துக்கு நேராக வந்து நின்றபோது பாட்டி சொன்ன மூக்குத்தி ஒரு கணம் பளிச்சென்றது. உடனே தீபம் இறங்கிவிட்டது. அவ்வளவுதான், இரண்டு மூன்று நொடி இருக்கும். இந்த அலங்காரம் ட்யூப்லைட்டில் பார்ப்பதற்குச் செய்ததில்லை, அசையும் சுடரில் பார்ப்பதற்கென்றே செய்தது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். ஒரு போட்டோ எடுத்திருந்தால்கூட அதில் இது வந்திருக்காது.

அடுத்து ஆதிபுரீஸ்வரர், இந்தக் கோயிலின் சிவன். இவர் புற்று வடிவம், அதனால் வருடம் முழுக்கக் கவசம் சாத்தியே இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுத்து, புனுகு, ஜவ்வாது, சாம்பிராணித் தைலம் சாத்துகிறார்கள். கவசத்தின் மேல் வில்வமாலை, பக்கத்தில் சரவிளக்கு. அந்த மூன்று நாள் தவிர அம்மாவும் கவசத்தைத்தான் பார்த்து வருகிறார். "கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பத்தாறு வருஷம், கவசத்தோட பாத்தாத்தான் எனக்குப் பாத்த மாதிரி இருக்கும்."

சிற்ப வேலைக்காக வருகிறவர்களுக்கு நான் ஒன்று கெஞ்சிக் கேட்பேன், கருவறையின் பின்பக்கம் போய் நில்லுங்கள். சுவர் சதுரமாக இருக்காது, அரைவட்டமாக வளைந்து போகும், படுத்த யானையின் முதுகு மாதிரி. தூங்கானை மாடம் என்பது இதுதான். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் இந்த விமானத்தைக் கருங்கல்லால் எடுத்தார்கள், எடுத்த தச்சரின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது, ரவி என்கிற வீரசோழத் தச்சன். ராஜாக்களின் பெயர் எங்கேயும் கிடைக்கும், கல் வளைத்தவரின் பெயர் எத்தனை கோயிலில் கிடைக்கிறது? கருங்கல்லை இப்படி வளைத்து, இணைப்பே கண்ணில் படாமல் அடுக்க எத்தனை பேர் எத்தனை நாள் உளி பிடித்திருப்பார்கள் என்று நினைத்தபடி நான் அங்கே நெடுநேரம் நின்றேன். வண்ணம் இல்லாத அந்தச் சுவர்தான் எனக்கு இந்தக் கோயிலிலேயே பெரிய அலங்காரம்.

கல்வெட்டு எழுத்துகளின் பள்ளத்தில் யாரோ குங்குமம் தடவிவிட்டுப் போயிருந்தார்கள். பக்தியோடு செய்ததுதான், ஆனாலும் மனது வலித்தது. தயவுசெய்து நெற்றியில் இட்டது போக மீதியைக் கல்லில் தடவாதீர்கள், தூணில் கொட்டாதீர்கள்.

ஏகபாத மூர்த்தியையும் தேடிப் பாருங்கள். ஒற்றைக் காலில் சிவன், இரு பக்கமும் அவர் உடம்பிலிருந்தே பிரம்மாவும் விஷ்ணுவும் கிளம்புவதாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் பிராகாரத்தில் உட்கார்ந்தோம், சிவன் கோயிலில் உட்காராமல் போகக்கூடாதாம். அம்மா கதை சொன்னார். ஊர்களுக்கெல்லாம் வரி போட்டு ராஜா ஓலை எழுதச் சொன்னாராம், எழுதி முடித்துப் பார்த்தால் எழுத்துகளுக்கு நடுவே "ஒற்றியூர் நீங்கலாக" என்று யாரும் எழுதாத ஒரு வாசகம் இருந்ததாம். அதனால்தான் சாமிக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர். தேவாரம் பாடிய சுந்தரர் இங்கே சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் செய்வதற்காக, அவரை விட்டுப் போகமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து, பிறகு ஊரெல்லையைத் தாண்டியதும் கண் போன கதையையும் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சங்கிலி பக்கம்தான் நியாயம். மாசி பிரம்மோற்சவத்தில் மகிழடி சேவை என்று அந்தக் கல்யாணத்தை இப்போதும் நடத்துகிறார்கள்.

கலிய நாயனார் கதையைத்தான் என்னால் உடனே கடக்க முடியவில்லை. செக்காட்டும் குலத்தவர், இந்தக் கோயிலில் விளக்கேற்றியவர். பணமெல்லாம் கரைந்து எண்ணெய்க்கு வழியில்லாமல் போனதும், தன் கழுத்தை அரிந்து ரத்தத்தால் விளக்கெரிக்கத் துணிந்தவர். காலையில் மூக்குத்தியை எனக்குக் காட்டிய சுடர் நினைவுக்கு வந்தது.

கிளம்பும்போது கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கும் போய்வந்தோம். வெயில் ஏறிவிட்டது, சீக்கிரமே திரும்பினோம். தேரடி ஸ்டேஷன் படியில் அம்மா என் தலையில் ஒரு துண்டு மல்லிகை வைத்துவிட்டு, "கார்த்திகைக்கு முந்தின நாளே வந்து எங்க வூட்ல படுத்துக்க, விடிகாலைல போனாத்தான் கவசம் இல்லாம நிம்மதியா பாக்க முடியும்" என்றார். லீவு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.