இருட்டில் ஓடிய மின்னோட்டம்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டாக நான் எடுத்துக்கொண்டது, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உணரும் ஆர்கானிக் சென்சார், அதாவது கார்பன் சார்ந்த பொருளில் செய்வது. சிலிக்கான் டயோடு கடையிலேயே கிடைக்கிறதே என்று பலரும் கேட்டார்கள். சிலிக்கான் 1100 நானோமீட்டர் வரை அகச்சிவப்பையும் சேர்த்துப் பிடிக்கும். கண் பார்ப்பது மட்டும் போதும் என்றால் மேலே வடிகட்டி போட வேண்டும். பி3எச்டி என்ற பாலிமரோ சுமார் 650 நானோமீட்டரைத் தாண்டினால் ஒளியை உறிஞ்சுவதே இல்லை. அதோடு, மை மாதிரி கரைத்துப் பூசிவிடலாம்.

ஆனால் பாலிமர் மட்டும் போதாது. ஒளி பட்டு உண்டாகும் எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமான துளையும் சேர்ந்த ஜோடி ஏறக்குறைய 10 நானோமீட்டர் நகர்வதற்குள் பிரிய வேண்டும், இல்லையென்றால் வீண். அதனால் எலக்ட்ரானை இழுத்துக்கொள்ள பிசிபிஎம் என்ற கார்பன் பந்து மூலக்கூறைக் கலக்கிறோம். 1995இல் அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் இயற்பியலாளர் ஹீகரின் குழு காட்டிய வழி இது.

இரண்டையும் சம எடையில் டைகுளோரோபென்சீன் என்ற கரைப்பானில் போட்டு, இரவு முழுக்க 50 டிகிரியில் கலக்கவிட்டேன். கீழ் மின்முனையாக, மின்சாரம் கடத்தும் ஐடிஓ பூச்சுள்ள கண்ணாடி. அதில் முதலில் பெடாட் என்ற கடத்தும் பாலிமர் பூச்சு, அதன்மேல் இந்தக் கரைசலை விட்டு வேகமாகச் சுழற்றிப் பரப்ப வேண்டும். சுழற்றி எடுத்த ஈரப் படலத்தைப் பெட்ரி தட்டால் மூடி வைத்தால் மெல்லத்தான் காயும். ஆரஞ்சு நிறம் ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே கருஊதாவாக மாறும். பாலிமர் சங்கிலிகள் வரிசையாக அடுக்கிக்கொள்வதன் அடையாளம் அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

மேல் மின்முனைக்கு அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்க வேண்டும். அந்த மெஷினுக்கு வாரக்கணக்கில் வரிசை. அதனால் அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் காலியம்-இண்டியம் கலவையை ஊசியால் ஒரு சொட்டு வைத்தேன். சோதனைக்கு அது தாராளம்.

முதல் பன்னிரண்டு சென்சாரில் ஏழு ஷார்ட், அதாவது மேல், கீழ் மின்முனைகள் நேரே இணைந்துவிட்டன. மீதியில் விளக்கை அணைத்தாலும் மின்னோட்டம் பெரிதாகக் குறையவில்லை. இதே கலவையில் செய்யும் சோலார் செல்லுக்கான குறிப்பை அப்படியே பின்பற்றியதுதான் தப்பு. அதில் படலம் 100 நானோமீட்டர். ஒரு மைக்ரான் தூசு விழுந்தாலே படலத்தைப் போலப் பத்து மடங்கு உயரம்; அந்த இடத்தில் ஷார்ட் ஆகிவிடும். சோலார் செல்லில் கொஞ்சம் கசிந்தால் சமாளிக்கலாம். சென்சாரில் எவ்வளவு மங்கிய ஒளியை அளக்க முடியும் என்பதையே ஒளி இல்லாதபோதும் ஓடும் அந்த இருட்டு மின்னோட்டம்தான் தீர்மானிக்கிறது.

சரி, திரும்ப ஆரம்பித்தேன். சோப்பு நீர், தூய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் அல்ட்ராசோனிக் கழுவல். கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டேன். சுழற்சி வேகத்தைக் குறைத்துப் படலத்தை 300 நானோமீட்டருக்குத் தடிப்பாக்கினேன். ஷார்ட் அனேகமாக நின்றது.

அப்புறமும் இருட்டுப் பெட்டிக்குள் வைத்து அளந்த மின்னோட்டம் பகலில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு நாள் படலத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஒயர் போகும் துளை வழியே ஜன்னல் வெளிச்சம் பெட்டிக்குள் வந்திருக்கிறது. கருப்பு டேப்பும் துணியும் சுற்றியதும் மின்னோட்டம் நானோஆம்பியருக்கு இறங்கி அங்கேயே நின்றது. பச்சை எல்இடியைப் போட்டதும் ஜிவ்வென்று ஏறியது. சிவப்புக்குக் கொஞ்சம்தான் ஏறியது. அகச்சிவப்புக்கு அசையவே இல்லை.

காற்றும் ஈரமும் பட்டால் இந்தப் படலம் நாளடைவில் கெட்டுவிடும். அடுத்த தொகுதிக்கு மேலே கண்ணாடி வைத்து எபாக்சி ஒட்டியிருக்கிறேன். நாளைக் காலை காய்ந்திருக்கும்.