மயிலாப்பூரில் ஒரு புதையல் வேட்டை: குறிப்பு எழுதுவதும் கூட்டத்தைப் பிரிப்பதும்

ஆகஸ்ட் 22 நெருங்கும்போது, சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டாடும் மெட்ராஸ் தினத்துக்காகப் பேட்டைக்குப் பேட்டை ஏதாவது செய்ய ஆசைப்படுவார்கள். அதில் அதிகம் கேட்கப்படுவது புதையல் வேட்டை, அதாவது அணி அணியாகக் குறிப்பை அவிழ்த்து இடம் இடமாகத் தேடிப் போகும் விளையாட்டு. நடத்துவதும் சுலபம், கெடுப்பதும் சுலபம். கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எல்லா அணியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போய்க் குவிவது. முன்னால் போகிறவர் கண்டுபிடிக்கிறார், பின்னால் வருகிறவர் அவர் எங்கே பார்க்கிறார் என்று பார்க்கிறார். அதற்கப்புறம் அது வேட்டை இல்லை, ஊர்வலம்.

மயிலாப்பூரையே எடுத்துக்கொள்வோம். 14 அணி, அணிக்கு 4 பேர், மொத்தம் 56 பேர். ஏழு இடங்கள், எட்டாவதாக எல்லோரும் வந்து சேரும் இடம். ஏழுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பதினைந்து இடம் வைத்தால் பத்தாவதில் குழந்தைகள் உட்கார்ந்துவிடும், பாட்டிகள் காபி கேட்பார்கள். ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம் வைத்தால் எழுபது. மூன்று கிலோமீட்டருக்குள் நடை என்றால், நின்று வேடிக்கை பார்ப்பதையும் சேர்த்து இன்னொரு ஐம்பது. ஞாயிறு காலை 6:30-க்குத் தொடங்கி 8:30-க்கு முடிக்கலாம். அதற்குமேல் ஆகஸ்ட் வெயில் விடாது.

குவிவதைத் தடுக்க, அணிகளைச் சுழற்றி அனுப்ப வேண்டும். ஏழு இடங்களையும் ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அணி ஒன்றிலிருந்து, இரண்டாவது அணி இரண்டிலிருந்து, இப்படி ஏழு அணிகள் வலமாகப் போகட்டும். மீதி ஏழும் அதேபோல ஆளுக்கோர் இடத்தில் தொடங்கி இடப்பக்கமாகப் போகட்டும். எல்லோரையும் ஒரே திசையில் விட்டால் வேகமான அணி முன்னே போகும் அணியைப் பிடித்துவிடும், பிறகு இரண்டும் சேர்ந்தே நடக்கும். எதிர்த்திசையில் வருகிறவர்களை எதிரே பார்க்கலாம், சிரிக்கலாம். பின்தொடர முடியாது.

குறிப்புச் சீட்டை மரத்திலோ தூணிலோ ஒளித்து வைக்காதீர்கள். விடிகாலையில் தெரு கூட்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள், அது அவர்கள் வேலை. மிச்சம் இருந்தால் மாடு தின்னும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பை, அதற்குள் அவர்கள் போக வேண்டிய வரிசையில் எண் போட்டு ஒட்டிய ஏழு உறை. ஒவ்வொரு குறிப்பு உறையோடும் சிறிதாக ஓர் உதவி உறை. 14 அணிக்கு 98 குறிப்பு, 98 உதவி. உபரியாக இரண்டு பை சேர்த்து 112, 112 என்று அச்சிடுங்கள். யாராவது பையை ஆட்டோவில் விட்டுவிட்டு வருவார்கள்.

குறிப்பு இடத்தைக் காட்ட வேண்டும். அங்கே போய்ப் பார்த்தால்தான் விடை கிடைக்க வேண்டும். மயிலாப்பூரின் லஸ் பகுதியிலுள்ள பிரகாச மாதா கோயில் கல்வெட்டில் உள்ள ஆண்டு எது என்று கேட்டால் வீட்டிலிருந்தே போனில் 1516 என்று எடுத்துவிடுவார்கள். (ஞாயிறு காலையில் அங்கே பூசை நடக்கும், அந்த இடத்தை விட்டுவிடுவதே மரியாதை.) செல்போனைத் தடை செய்வது வீண் சண்டை. போன் உதவாத கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். பழைய வீட்டு முகப்பில் சிமென்டில் பதித்த ஆண்டு, இரும்புக் கம்பிக் கதவில் எத்தனை தாமரை, மின்கம்பத்தில் எழுதிய எண், இப்படி. சுவரொட்டி, பேனர், கடைப் பலகை வேண்டாம். ஒரே ராத்திரியில் மாறிவிடும்.

ஷட்டர் என்று ஒன்று இருக்கிறதே, அது பலரைக் கவிழ்த்திருக்கிறது. காலை 6:30-க்குக் கடை மூடியிருக்கும், ஷட்டர்மேல் எழுதியது தெரியும். பகல் பதினொன்றுக்குப் போய்ப் பார்த்து எழுதிய குறிப்பில் ஷட்டர் சுருட்டப்பட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடி அலமாரி இருக்கும். அதனால் ஒத்திகையை அதே கிழமை, அதே நேரத்தில் செய்யுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் வரை முந்தின நாள் மாலையும் ஒரு தடவை நடந்துவிட வேண்டும். நேற்றுத் திறந்திருந்த வழியில் இன்று தகரத் தடுப்பு நிற்கும்.

குறிப்பை எழுதுவதில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி கொஞ்சமில்லை. எழுத்தைப் பிரித்து விளையாடும் விடுகதை மரபு கையிலேயே இருக்கிறது. 'தலை எழுத்து தனியே நின்றால் அரசன். அவன் போய்விட்டால் மிச்சம் ஓர் ஊர். சேர்ந்து நின்றால் அண்ணாந்து பார்க்கணும்.' கோ, புரம், கோபுரம். எட்டு வயசுப் பிள்ளைகூட மூன்றாவது வரியில் பிடித்துவிடும். 'தைக்கவும் உதவும், படிக்கவும் உதவும். அது குடியிருக்கும் அகம்' என்றால் நூலகம், லஸ்ஸில் இருப்பவர்கள் நேரே ரானடே நூலகத்துக்கு நடப்பார்கள். ஆனால் 'படிக்கட்டு இறங்கும் தண்ணீரைத் தேடு' என்று எழுதிவிட்டால் பாதிப் பேர் கபாலி கோயில் குளத்துக்கும் மீதிப் பேர் சித்திரக்குளத்துக்கும் போவார்கள். இரண்டுமே சரியான விடை, தப்பு எழுதியவருடையது. 'தாளில் வரைவது இங்கே தண்ணீரோடு சேர்ந்திருக்கிறது' என்று சேர்த்தால் சித்திரக்குளம் மட்டும் நிற்கும். எழுதி முடித்ததும், வேறெங்கே போனாலும் பொருந்துமா என்று ஒவ்வொரு குறிப்பையும் கேட்டுப் பாருங்கள். தமிழ் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் அணியில் இருப்பார்கள், அதனால் வாய்விட்டு வாசித்தாலும் புரியும்படி வரி சின்னதாக இருக்கட்டும்.

விடை சரியா என்று சொல்ல இடத்துக்கு ஓர் ஆள் நிறுத்த வேண்டியதில்லை. குறிப்பு எழுதிய அட்டையின் அடியில் பத்து எண், பக்கத்தில் பத்து எழுத்து அச்சிடுங்கள். எண்ணி வந்த எண்ணுக்கு நேரே உள்ள எழுத்து அவர்களுடையது. சரியான விடை 14 என்றால் 13, 15, 12, 16 ஆகியவை அட்டையிலேயே இருக்கக் கூடாது. ஒன்று கூட்டியோ குறைத்தோ எண்ணியவர் எண்ணைக் காணாமல் திரும்பிப் போய் எண்ணுவார். இதைச் செய்யாவிட்டால் தப்பான எழுத்தோடு ஒன்றரை மணி நேரம் அலைவார்கள், கடைசியில் உங்கள்மேல்தான் கோபம் வரும்.

ஏழு எழுத்தும் சேர்ந்து கடைசி இடம்: நா, கே, ஸ், வ, ர, ரா, வ். லஸ் சர்ச் சாலையில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நா, கே கிடைத்ததுமே மயிலாப்பூர்க்காரர்கள் எழுந்து பூங்காவுக்கு நடந்துவிடுவார்கள். அதனால் எத்தனையாவது எழுத்து என்று சொல்லாமல் கலைத்துக் கொடுங்கள். அதைவிட முக்கியம், முதலில் வருகிறவருக்குப் பரிசு என்று வைக்காதீர்கள். இடத்துக்குப் பத்து மதிப்பெண், கடைசிச் சொல்லுக்கு முப்பது, ஆக நூறு. உதவி உறை பிரித்தால் மூன்று குறையும். 8:30-க்குப் பிறகு நிமிடத்துக்கு ஒன்று குறையும். சீக்கிரம் வந்தால் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது. யாரும் ஓட மாட்டார்கள், மாட வீதியில் யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். சமமாக வந்தால் கண்ணாடிச் சாடியில் புளியங்கொட்டை எத்தனை என்று கேளுங்கள், கிட்டத்தில் சொன்னவர் ஜெயித்தார்.

கடைசிச் சொல்லுக்கான உதவியைத் தனியாக, எழுத்தில்லாமல் கொடுக்கலாம். பஞ்சில் தொட்ட அமிர்தாஞ்சன். பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கும், பாட்டி மோந்ததும் பெயரைச் சொல்லிவிடுவார். 1893-இல் அதைத் தொடங்கியவர் பெயர்தான் பூங்காவுக்கு. அன்று காலையில்தான் தொட வேண்டும், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டும். முந்தின ராத்திரியே உறையில் வைத்தால் விடிவதற்குள் எல்லா உறையும் அதே மணம் வீசும், ரகசியம் போச்சு. இதற்காகவே ஒவ்வோர் அணியிலும் ஒரு சிறுவரும் ஒரு மூத்தவரும் இருக்கும்படி சேர்ப்பேன். நண்பர்கள் நால்வராகப் பெயர் கொடுத்தால் நயமாகப் பிரித்துவிடுங்கள்.

ஏழில் ஓர் இடமாவது மனிதராக இருக்கட்டும். மாட வீதிப் பூக்காரம்மா ஒருவரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, 14 முழம் பூவுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். சரியான சொல்லைச் சொல்லும் அணிக்கு ஒரு முழமும் ஓர் எழுத்துச் சீட்டும் தருவார். பேசாமல் விட்டால் பதினாலு கூட்டம் வந்து "அம்மா, இது எங்க இருக்கு?" என்று அவர் வியாபாரத்தைக் கெடுக்கும். முகூர்த்த நாள் ஞாயிறாக இருந்தால் தேதியையே மாற்றுங்கள், அன்று அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. கோயிலுக்குள்ளே குறிப்பு வேண்டாம். கோபுரத்தை வெளியே நின்று பார்ப்பதோடு சரி. குடியிருக்கும் வீடென்றால் தெருவிலிருந்தே தெரிவதை மட்டும் கேளுங்கள், கேட்டைத் தொடும்படி எதுவும் வேண்டாம்.

ஆட்கள் ஆறு பேர் போதும். லஸ் சிக்னலில் இருவர்; பெரிய சாலையை அங்கே மட்டும்தான் கடக்கலாம் என்பது விதி. பூங்காவில் இருவர், சைக்கிளில் ஒருவர், போனோடு ஒருவர். வாட்ஸ்அப் குழு வைத்தால் நடத்துபவர் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள். ஆர்வத்தில் யாராவது செல்ஃபி போடுவார்கள், படத்தில் அவர்களுக்குப் பின்னால் விடை தெரியும். பூங்காவில் கூடுவதற்கு மாநகராட்சி அனுமதி, காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம், இரண்டையும் பதினைந்து நாள் முன்பே.

ஒத்திகைக்கு வருகிறவர் குறிப்புகளை முன்னே பார்க்காதவராக இருக்க வேண்டும். எழுதியவர் கூடவே நடக்கலாம், வாய் திறக்கக் கூடாது. எங்கே நின்றார்கள், எத்தனை நிமிடம், எந்தச் சொல்லைத் திரும்பப் படித்தார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்ற குறிப்பை மாற்றி எழுதுங்கள், அது எவ்வளவு அழகான குறிப்பாக இருந்தாலும் சரி.

8:30-க்குக் கணக்கைத் தொடங்காதீர்கள். கடைசி அணி வரும் வரை இட்லியும் பொங்கலும் மூடியே இருக்கட்டும், எப்படியும் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடுவார்கள். புதையல் பெட்டியில் 56 பேருக்கும் கடலை மிட்டாய், ஜெயித்த அணிக்குப் பெட்டியைத் திறக்கும் உரிமை. பிறகு ஏழு குறிப்பையும் ஒவ்வொன்றாக வாசித்து விடை சொல்லுங்கள். அந்த ஆண்டு எந்த வீட்டு முகப்பில் இருந்தது, தாமரை எந்தக் கதவில் என்று தவறவிட்டவர்கள் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டு, பார்க்காமல் விட்ட இடத்தைப் பார்க்க அவர்கள் திரும்பி நடப்பார்கள். சைக்கிள்காரரைக் கூட அனுப்புங்கள்.