'செட்டில்டு' என்ற ஒரு சொல்லும் என் கார்க் கடனும்

கரூரில் பதினான்கு ஆண்டுகளாகத் திருமணப் புகைப்படம் எடுத்து வருகிறேன். முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை வரவேற்பு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வர இரவு பதினொன்றாகிவிடும்; விடியற்காலை நான்கரை மணிக்கு மீண்டும் அங்கே இருக்க வேண்டும். இரண்டு கேமராக்கள், லென்சுகள், விளக்குகள், ஸ்டாண்டுகள் எல்லாவற்றையும் இரு சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு அரவக்குறிச்சிக்கும் முசிறிக்கும் மழையில் போய்வந்த ஆண்டுகள் பல. 2024 ஐப்பசியில் குளித்தலைச் சாலையில் வண்டி சறுக்கி, உடன் வந்த உதவியாளரின் மணிக்கட்டு முறிந்த பிறகு, பழைய கார் ஒன்றாவது வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பத்து ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குத்தான் முதலில் சென்றேன். மேலாளர் என் பான் எண்ணைப் பதிவுசெய்து பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். கடன்களை எப்படித் திருப்பிக் கட்டியிருக்கிறோம் என்பதை வைத்துக் கடன் தகவல் நிறுவனம் தரும் சிபில் மதிப்பெண் 612 என்று வந்திருந்தது. அந்த எண் 300-இல் தொடங்கி 900-இல் முடிகிறது. அவருடைய வங்கியில் கார்க் கடனுக்கு 700-க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். "எண்ணைக்கூட விடுங்க சார், இங்க பாருங்க, ஒரு கார்டு 'செட்டில்டு'ன்னு இருக்குது. இது இருக்கற வரைக்கும் மேலிடத்துல ஒப்புதல் வராதுங்க" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் புரிந்தது.

அதன் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் போன்ற பலர் இதே இடத்தில்தான் தவறியிருப்பார்கள். 2019-இல் ஒரு லென்சும் விளக்குகளும் கடன் அட்டையில் வாங்கினேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. முன்பதிவு செய்திருந்த திருமணங்கள் அனைத்தும் தள்ளிப்போயின அல்லது வீட்டு வாசலில் இருபது பேருடன் முடிந்தன. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் அந்த ஆறு மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2021-இல் நிலுவை 1,38,000 ரூபாயாகிவிட்டது. வசூலுக்கு வந்தவர், 60,000 ரூபாயை ஒரே தொகையாகக் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்றார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினேன். கடிதமும் வந்தது. கணக்கு முடிந்துவிட்டது என்று மூன்று ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன்.

கணக்கு முடிந்தது உண்மைதான், ஆனால் என் கடன் வரலாற்று அறிக்கையில் அது 'குளோஸ்டு' என்று பதிவாகவில்லை. முழுத் தொகையையும் செலுத்தி முடித்தால் மட்டுமே 'குளோஸ்டு' என்று எழுதுவார்கள். கடன் கொடுத்தவர் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்தால் 'செட்டில்டு' என்று எழுதுவார்கள். அடுத்துக் கடன் கொடுக்க வருபவர் அதை, இவரிடம் ஏற்கெனவே ஒருவர் 78,000 ரூபாயை இழந்திருக்கிறார் என்றுதான் படிக்கிறார். சமரசத் தொகையைக் கேட்டு வருகிறவர்கள் இந்த வேறுபாட்டை வாய்திறந்து சொல்வதில்லை. அன்று அதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், 60,000 ரூபாயோடு நிற்காமல் மீதியைச் சிறு சிறு தொகையாகவேனும் கட்டி முடித்திருப்பேன்.

வங்கியிலிருந்து நேராகப் பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்துக்குப் போனேன். 4,40,000 ரூபாய் விலையில் ஒரு வேகன் ஆர் பிடித்திருந்தது. சிபில் பற்றிச் சொன்னதும் விற்பனையாளர், "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோமுங்க" என்று பான் அட்டையை வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 40,000 முன்பணம், 4,00,000 கடன், ஐந்து ஆண்டுகள், வட்டி 12 சதவீதம், மாதத் தவணை 10,667 ரூபாய். 612 மதிப்பெண்ணுக்கு 12 சதவீதம் என்றதும் முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மனைவிதான் இரவில் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அறுபது மாசத்துக்கு ஆறு லட்சத்து நாப்பதாயிரம் வருதுங்களே" என்று கேட்டார்.

அது ஃபிளாட் வட்டி. நான்கு லட்சத்துக்கு ஆண்டுக்கு 48,000 வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு 2,40,000 ரூபாய் வட்டி என்று முதல் நாளே கணக்கிட்டு, அசலோடு சேர்த்து அறுபதால் வகுத்திருந்தார்கள். நான் மாதந்தோறும் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறேன். நான்காம் ஆண்டு முடியும்போது என் கையில் இருப்பது அவர்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் வட்டி முழு நான்கு லட்சத்துக்கும் ஓடுகிறது. வங்கிகள் சொல்லும் முறையில், அதாவது குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்ற முறையில், அதே தவணையைக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 20 சதவீதம் வருகிறது. ஃபைனான்ஸ் தொழில் செழித்த எங்கள் கொங்குப் பகுதியில் ஃபிளாட் வட்டி புதிதல்ல. லாரி வாங்கியவர்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால் முதன்முதலாகக் கார் வாங்க வரும் மாதச் சம்பளக்காரர்களும் என்னைப் போன்ற சிறுதொழில் செய்பவர்களும் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

இதற்கு ஒரு பாதுகாப்பு அப்போதே நடைமுறையில் இருந்தது; எனக்குத்தான் தெரியவில்லை. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியாயினும் நிதி நிறுவனமாயினும், தனிநபர்கள் வாங்கும் கடனுக்கு ஒப்பந்தத்துக்கு முன்பே 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத்தாளைக் கொடுக்க வேண்டும். வட்டி, செயலாக்கக் கட்டணம், கடனோடு சேர்த்து விற்கும் காப்பீடு என எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே கேட்கலாம். அதில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்குச் செல்லும். ஆகவே, "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அதை நம்ப வேண்டியதில்லை.

காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் அறிக்கையை முழுமையாகப் படிக்கத் தொடங்கினேன். நம் நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று இயங்குகின்றன. ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கொரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை 2017 முதல் நமக்கு உண்டு. நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையாது. கடனுக்கு விண்ணப்பித்து, கடன் கொடுப்பவர் பார்க்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகிறது. கார் விற்பனையாளர் அந்த ஒரு மணி நேரத்தில் என் விவரத்தைக் கடன் கொடுக்கும் நான்கு நிறுவனங்களுக்கு அனுப்பியிருந்தார். நான்கும் ஒரே தேதியில் வரிசையாக அறிக்கையில் இருந்தன. படிப்பவர் கண்ணுக்கு அது பல கதவுகளைத் தட்டி அலைந்தவனின் தடமாகத்தான் தெரியும். பான் அட்டையைக் கொடுக்கும்போது, எத்தனை இடத்துக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டு, ஓர் இடத்துக்கு மட்டும் என்று சொல்லிவிடுவது நல்லது.

அறிக்கையில் எனக்குத் தெரியாத இரண்டு செய்திகள் இருந்தன. 2017-இல் முழுமையாகக் கட்டி, கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி. சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் வண்டி கடனுக்கு உட்பட்டது என்று காட்டும் ஹெச்.பி. பதிவையும் ரத்து செய்த இரு சக்கர வாகனக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. மற்றொன்று, மைத்துனரின் தறிக்கூடக் கடனுக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்து. அவர் இரண்டு முறை தவணையைத் தாமதமாகக் கட்டியது என் பெயரிலும் பதிந்திருந்தது. ஜாமீன் என்பது உறவுக்காகப் போடும் சாட்சிக் கையெழுத்து என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. மைத்துனரிடம் இதை எடுத்துச் சொல்வது எளிதாக இல்லை; ஆனாலும் சொன்னேன். அவர் தவணைத் தேதியை மாற்றிக்கொண்டார்; அதன் பிறகு ஒரு தாமதமும் இல்லை.

இரு சக்கர வாகனக் கடன் பற்றித் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே, என்.ஓ.சி. நகலை இணைத்துப் புகார் பதிவுசெய்தேன். அந்த நிறுவனம் தானாக எதையும் திருத்த முடியாது. கடன் கொடுத்தவர் உறுதிசெய்த பிறகே திருத்தும். 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எனக்கு 24-ஆவது நாளில் திருத்தம் வந்துவிட்டது. அதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை. இதையே செய்து தருவதாக 5,000, 10,000 என்று கேட்டு வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்கிறவர்களிடம் தயவுசெய்து யாரும் போக வேண்டாம். உண்மையான நிலுவையை அழித்துத் தர எவராலும் இயலாது, தவறான பதிவைத் திருத்த எவருக்கும் பணம் தரத் தேவையில்லை.

'செட்டில்டு' என்பது தவறான பதிவல்ல. அதை மாற்ற ஒரே வழி, விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டுவதுதான். அட்டை கொடுத்த வங்கிக்கு எழுத்துமூலம் கேட்டேன்: மீதி 78,000 ரூபாயைச் செலுத்தினால் கணக்கை 'குளோஸ்டு' என்று மாற்றித் தெரிவிப்பீர்களா என்று. ஒப்புக்கொண்டு பதில் வந்த பிறகே பணம் கட்டினேன். அந்தப் பதில் கையில் இல்லாமல் கட்டக் கூடாது. தை முகூர்த்தங்கள் முடிந்து 40,000, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து 38,000. நிலுவையில்லாச் சான்று 2025 ஜூனில் வந்தது. 2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தகவல் அனுப்ப வேண்டியிருந்ததால், ஜூலை முதல் வாரத்திலேயே அறிக்கையில் மாற்றம் தெரிந்தது. கட்டாமல் விட்ட மாதங்களின் வரலாறு மறையவில்லை. ஆனால் கணக்கின் நிலை மாறியது.

இதற்கிடையே 25,000 ரூபாயை வைப்பு நிதியாகப் போட்டு, அதன் பேரில் ஒரு கடன் அட்டை வாங்கினேன். பெட்ரோலுக்கும் ஆல்பம் அச்சுக்கான முன்பணத்துக்கும் மட்டும் பயன்படுத்தி, வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், ஒவ்வொரு மாதமும் முழுவதையும் கட்டினேன். மனைவியின் நகைக்கடனையும் தேதி தவறாமல் புதுப்பித்தோம். வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் வைக்கும் நகைக்கடனும் இதே அறிக்கையில் ஏறுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2025 செப்டம்பரில் மதிப்பெண் 704. முதலில் மறுத்த அதே மேலாளரிடம் சென்றேன். இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஓராண்டு வங்கி அறிக்கை, நிலுவையில்லாச் சான்று, முன்பதிவு ஒப்பந்தங்கள் ஆகியவற்றைக் கொடுத்தேன். கையில் வாங்கும் பணத்தையும் அந்த ஆண்டு முழுவதும் கணக்கில் செலுத்திவந்தது மிகவும் உதவியது. அதே விலையில் வேறொரு வேகன் ஆர். முன்பணம் 1,90,000, கடன் 2,50,000, குறைந்துவரும் நிலுவைக்கு 13.5 சதவீதம், 36 மாதங்கள், தவணை 8,484 ரூபாய். மொத்த வட்டி 55,400 ரூபாய்க்கு அருகில். முன்பு சொன்ன 2,40,000 ரூபாயோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது. கடன் தொகையும் காலமும் வேறு. ஆனால் அந்தத் தொகையும் காலமும் குறைந்ததே நான் காத்திருந்த பத்து மாதங்களால்தான். மதிப்பெண் நன்றாக உள்ளவர்களுக்குக் கிடைக்கும் வட்டியைவிட இது கூடுதல் என்பதும் தெரியும். இப்போதைக்கு என்னால் தாங்க முடிகிற வட்டி இது.

தவணைத் தேதி பத்தாம் தேதி. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் தொழிலில் வருமானமே இல்லை. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் கட்டணம் போடுவார்கள், அறிக்கையிலும் ஏறும். அதனால் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வாங்கும் முன்பணத்தில் ஒரு பகுதியைத் தவணைக்கென்றே தனிக் கணக்கில் போடுகிறேன். இந்த மார்கழித் தவணை ஐப்பசியில் எடுத்து வைத்த பணத்திலிருந்து போயிற்று. நேற்று நள்ளிரவில் முசிறியிலிருந்து மழையில் திரும்பினோம். கேமராப் பைகள் பின் இருக்கையில் நனையாமல் இருந்தன, கை குணமான உதவியாளர் அவற்றின் பக்கத்தில் உறங்கிக்கொண்டு வந்தார்.