குடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கலை வரலாற்றுத் தாளில் திரையில் ஓர் ஓவியத்தைக் காட்டுவார்கள். யார் வரைந்தது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எழுத வேண்டும். எனக்கு வந்தது பாரிஸ் தெரு, ஈரத் தரை, குடைகள். யோசிக்காமல், பாரிஸ் தெருக்களை நிறைய வரைந்த பிரெஞ்சு ஓவியர் ழான் பெரோ என்று எழுதி இரண்டு பக்கம் அளந்துவிட்டு வந்தேன். அது குஸ்தாவ் கைபோத் 1877-இல் வரைந்த 'பாரிஸ் தெரு, மழை நாள்'. தாள் போச்சு.

குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் பிறந்தது 1848, மற்றவர் 1849. இருவரும் சட்டம் படித்தவர்கள். இருவருக்கும் லியோன் பொன்னாதான் ஆசிரியர். நோட்ஸை உருப்போட்டால் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

மறுதேர்வுக்கு நோட்ஸை மூடி வைத்துவிட்டு டிரேசிங் பேப்பர் வாங்கினேன். படத்தின் மேல் வைத்துப் பெரிய கோடுகளை மட்டும் இழுப்பது. கைபோத் படத்தில் நடுவே ஒரு விளக்குக் கம்பம்; தொடுவானக் கோடு அதைக் குறுக்கே வெட்டுகிறது. வலப்பக்கம் ஒரே குடையில் வரும் ஜோடி கிட்டத்தட்ட ஆள் உயரம். படமே இரண்டு மீட்டருக்கு மேல். ஓரத்தில் ஒருவர் பாதி உடம்போடு வெட்டுப்பட்டு நிற்கிறார். மழைத்துளி ஒன்றுகூட இல்லை! கல் பாவிய தரையின் மினுமினுப்புதான் மழை. பின்னால் கப்பல் முனைபோல் நீட்டிக்கொண்டிருப்பது பழைய தெருக்களை இடித்து அகலப்படுத்திய ஓஸ்மானின் திட்டத்தில் எழுந்த புது பாரிஸ்.

பெரோவை டிரேஸ் செய்தால் இப்படி எலும்புக்கூடு கிடைக்காது. தொப்பி, கவுன், யார் யாரைப் பார்க்கிறார் என்ற சின்னக் கதைகள்தான் கிடைக்கும். குதிரை வண்டியையே ஸ்டூடியோவாக்கித் தெருவோரம் நிறுத்தி வரைந்தவர் அவர். அவர் காட்சிக்கு வைத்தது பாரிஸின் மரபான பெரிய கண்காட்சியான சலோனில்; கைபோத்தோ, ஒளியை விரைவான தூரிகை வீச்சில் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்டுகளோடு.

அதற்காகக் கைபோத் என்றதும் 'தளர்வான தூரிகை வீச்சு' என்று எழுதிவிடாதீர்கள். இந்தப் படம் வழவழவென்று இருக்கும். நண்பர்களின் ஓவியங்களை வாங்கிச் சேர்த்து அரசுக்கு உயில் எழுதியதையும், 1894-இல் அவர் இறந்தபின் அரசு அதில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றதையும் படித்து வையுங்கள். சிறு வினாவுக்கு உதவும்.

மறுதேர்வில் திரையில் வந்தது கைபோத் 1876-ஆம் ஆண்டு வரைந்த 'ஐரோப்பா பாலம்'. ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் அந்த இரும்புச் சட்டங்களைப் பார்த்ததுமே என் கை விடைத்தாள் ஓரத்தில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டது. பெயர் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.