நகலை முதலில் கேட்டவன்

ரெஸ்பெக்ட் என்கிற ஆங்கிலப் பாட்டை நான் முதலில் கேட்டது அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் குரலில்தான், அவருடைய சொந்தப் பாட்டு என்றே ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாடகர் ஓட்டிஸ் ரெடிங் 1965-லேயே எழுதிப் பாடிவிட்டார் என்று தெரிந்து தேடிப்பிடித்துக் கேட்டால், அசல்தான் எனக்கு நகல் மாதிரி இருந்தது. என்ன செய்ய, காது பழகியது அப்படி.

ஓட்டிஸ் பாடுவது, சம்பாதித்துக்கொண்டு வருகிறேனே, வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் மரியாதை கொடேன் என்று கேட்கும் ஆம்பளையின் கெஞ்சல். 1967-ல் அரீத்தா அதைப் பெண் பக்கமாகத் திருப்பிப்போட்டார், அதுவும் கெஞ்சாமல், என்னிடமும் காசு இருக்கிறது என்கிற தோரணையில். ஆர், இ, எஸ், பி என்று எழுத்துக்கூட்டிப் பாடுவார் இல்லையா, இன்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற அந்த இடம் ஓட்டிஸ் பாட்டில் கிடையவே கிடையாது! நடுவில் வரும் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோனும் புதுசு. பின்பாட்டு அரீத்தாவின் சொந்தச் சகோதரிகள் எர்மாவும் கரோலினும், அக்கா தங்கைகள் மூன்று பேர் சேர்ந்து ஒருத்தனை நிற்கவைத்துக் கேட்பது போலவே இருக்கும்.

அரீத்தாவின் பாட்டு அந்த வருஷம் ஜூனில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அதே ஜூனில் கலிஃபோர்னியாவில் நடந்த மான்டரே இசை விழா மேடையில் ஓட்டிஸ், ஒரு பெண் என்னிடமிருந்து கொண்டுபோய்விட்ட பாட்டு இது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத்தான் பாடினார். டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26.

சரி, எது பெட்டர்? அரீத்தாதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் நான் போடுவது ஓட்டிஸின் கரகரத் தொண்டையை.